கலைஞ்சதா, கலைச்சதா

“கலைஞ்சதுக்கும் கலைச்சதுக்கும் ஒரு எழுத்துதானேடி வித்தியாசம்? மாத்திச் சொன்னா என்ன குறைஞ்சு போகும்?”

க்யிம்யிண்டைங் போகும் பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்தால் காது சும்மா இருக்குமா? கேட்டவர் துணிக்கடைக்கார லாத்தா. பக்கத்தில் இருந்தவள் பெண்கள் கிளினிக் நர்ஸ்.

“கருவைக் கலைக்கிறதைப் பத்திப் பேசுற கிளினிக்குக்கு இதுவரைக்கும் உதவின வெளிநாட்டுச் சர்க்கார் இனிமே பணம் தராதாம் லாத்தா. பேச மாட்டோம்னு ஒத்துக்கணுமாம். எங்க டாக்டர் சயாமா முடியாதுன்னுட்டாங்க.”

“அதான் சொல்றேன். வர்றவ எல்லாருக்கும் தானா கலைஞ்சதுன்னு சொல்லிட்டு, பணத்தை வாங்கிக்கோங்க. கலைக்கிறது பாவம்தானே?”

“ஒருத்தி எங்கேயோ கலைச்சிட்டு ரத்தம் நிக்காம வந்து விழுறா. எதைத் தின்னே, எதை வச்சுக் குத்துனாங்கன்னு கேட்டாத்தானே பிழைக்க வைக்கலாம்? ‘வாயைக் கட்டிக்கிட்டு வைத்தியம் பாக்க எனக்குத் தெரியாது’ன்னாங்க சயாமா.”

“ஆத்தாடி, நெஞ்சழுத்தக்காரிதான்! இப்ப எப்படி ஓட்டுறீங்க?”

“பஞ்சு தீர்ந்து போச்சு. பழைய லுங்கியைக் கிழிச்சு, கொதிக்க வச்சுக் கட்டுறோம்.”

லாத்தா அவள் பக்கம் திரும்பினார்.

“கடையில மல் துணி ஒரு கட்டு கிடக்கு. நாளைக்கு வந்து எடுத்துக்கோ.”

“கலைச்சவளுக்கும் அதைத்தான் கட்டுவோம் லாத்தா. பாவம்னீங்களே?”

“ரத்தம் துடைக்கிற துணிக்குமா எழுத்துப் பாக்கச் சொல்றே? இறங்கு, உன் ஸ்டாப் வந்துருச்சு.”