இனிசியல் இல்லாத போர்டு

எழுபதுகளின் தொடக்கம். காங்கேயத்திலிருந்து திருப்பூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கல்லூரிப் பெண்ணும் அவளுடைய தாய்மாமனும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் ஆரம்பிக்கப் போற பனியன் கம்பெனி போர்டுல எம் பேருக்கு முன்னால இனிசியல் வேண்டாம்னு பெயிண்டர்கிட்டச் சொல்லிட்டேனுங்க மாமா."

நான் கையிலிருந்த பத்திரிகையை மடித்து வைத்தேன்.

"ஏங் கண்ணு, அப்பன் பேரு வேண்டாமா?"

"இப்ப அப்பா எழுத்து. நாளைக்குக் கல்யாணமானா அவரு எழுத்து. ஒவ்வொருக்காவும் போர்டை அழிச்சு எழுத முடியுங்களா?"

"பி.காம். முடிச்சுட்டு பேங்க்குல உக்காரலாமல்ல. இந்த ரோசனை காலேஜுல சொல்லிக் குடுத்ததா?"

"இல்லீங்க, நம்மூட்டுல கத்துக்கிட்டது. பனியன் வெட்டறது, தைக்கறது, ஆள் வெச்சு வேலை வாங்கறது எல்லாம் அம்மா. போர்டுல அப்பா பேரு. வர்றவங்க அம்மாகிட்டயே வந்து, 'மொதலாளி இல்லீங்களா'ன்னு கேக்கறாங்க."

அது மாமாவின் உடன்பிறந்தவளைப் பற்றிய பேச்சு. பஸ் நல்லூரைத் தாண்டியது.

"மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க என்ன சொல்லுவாங்களோ" என்றார் மாமா.

"மொதல்ல போர்டைப் பாத்துட்டுப் போகச் சொல்லுங்க மாமா. புடிச்சிருந்தா அப்பறம் பொண்ணுப் பாக்க வரட்டுங்க."