ஐந்தாவது பொரி

தாளிக்காத சாம்பாரை நீங்கள் சாப்பிட்டிருக்க மாட்டீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. பருப்பும் காயும் புளியும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி ஒரே சட்டியில் கிடக்கும். எட்டு வருஷம் அதைத்தான் சாப்பிட்டேன். குறையாகச் சொல்லவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாததால் சாப்பாட்டிலிருந்து தொடங்குகிறேன்.

கடுகு வெடிக்கிற வாடை பட்டால் என் மனைவி தேனம்மைக்குக் கண்ணிமை வீங்கும். மிளகாய் வறுத்தால் மூச்சு இழுக்கும். ஊதுபத்தி ஆகாது, வெயில் ஆகாது, சில நாள் வெந்நீரே ஆகாது. எள் மட்டும் எல்லாவற்றுக்கும் மேல். ஒருமுறை யாரோ கொடுத்த அதிரசத்தில் ஒட்டியிருந்த எள்ளால் காரைக்குடி ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தாள். அதையெல்லாம் நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். பார்க்காதவன் பேசுகிற பேச்சில்லை இது.

ஆனால் எந்தச் சோதனையிலும் ஒன்றும் வரவில்லை. தோலில் குத்திப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். திருச்சி, மதுரை, சென்னை என்று போகாத ஊர் இல்லை. எல்லாத் தாளிலும் நார்மல் என்றே இருந்தது. ஒரு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குடும்பத்தில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். எனக்குக் காது சுட்டது. சென்னையில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவின் தலைவனாக இருந்தவன் நான். புகையும் தூசியும் அவளுக்கு ஆகாது என்று அந்த வேலையை விட்டுவிட்டு நேமத்தான்பட்டிக்கு வந்து, பூட்டிக் கிடந்த எங்கள் பூர்வீக வீட்டைத் திறந்து குடியிருந்தேன். என்னிடம் போய்ப் பிரச்சினையா என்கிறார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. மூட்டையின் மேல் என்ன எழுதியிருந்தாலும், உள்ளிருந்து ஒரு கை அள்ளிச் சோதிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். தேனம்மை விஷயத்தில் அந்தக் கையெழுத்தைப் போடவே முடியவில்லை. தன் தம்பி கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து எல்லாம் சாப்பிட்டாள், சிரித்தாள், ஒன்றுமே ஆகவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு மாதம் சொறிந்தாள். என் தமக்கை திருப்பத்தூரில் வாழ்க்கைப்பட்டவள், ஆச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவள் சிரித்துக்கொண்டே, "தம்பி, உம் பொண்டாட்டிக்கு நம்ம வீடுதான் ஆகலை போல" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதன் பிறகுதான் நான் சோதிக்க ஆரம்பித்தேன். கோபத்தில் ஒன்றும் செய்யவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில், அவள் பணியாரம் சாப்பிட்டு முடித்ததும், மாவில் கொஞ்சம் நல்லெண்ணெய் தவறிப்போய்ச் சேர்ந்துவிட்டது என்று சொன்னேன். சேரவே இல்லை. ஆனாலும் கழுத்தெல்லாம் திட்டுத்திட்டாகச் சிவந்து, வாந்தி எடுத்து, தரையில் சுருண்டுகொண்டாள். பிறகு ஒருநாள் எள்ளை அரைத்துத் துவையலில் உண்மையாகவே கலந்து, ஒன்றும் சொல்லாமல் பரிமாறினேன். சாப்பிட்டுவிட்டு மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். இல்லாததற்கு விழுந்தாள், இருந்ததற்கு எழுந்து நடந்தாள். இதை வைத்து நீங்கள் என்ன முடிவுக்கு வருவீர்கள்? நானும் அதே முடிவுக்குத்தான் வந்தேன். இன்னொரு நாள் அவள் தூங்கும்போது மூக்கருகே ஊதுபத்தியைப் பிடித்துப் பார்த்தேன். காலையில் முகம் வீங்கியிருந்தது. ஆனால் முந்தின நாள் நான் திட்டியதில் அழுதிருந்தாள், அதனால் அந்தச் சோதனையைக் கணக்கில் சேர்க்கவில்லை. நியாயம் என்று ஒன்று இருக்கிறது.

போன வருஷம் மதுரையில் ஒரு பெண் டாக்டர் கிடைத்தார். பொறுமையாகக் கேட்டார். உடம்பைக் காக்கிற அணுக்களே காரணமில்லாமல் மிரண்டு கொட்டித் தீர்க்கிற நோய் இது, நேற்று ஒத்துக்கொண்டது இன்று ஒத்துக்கொள்ளாது, பயம்கூடக் கிளப்பிவிடும் என்றார். தேனம்மை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். எட்டு வருஷத்தில் அவள் சந்தோஷத்தில் அழுது அன்றுதான் பார்த்தேன். திரும்பி வரும்போது, திருப்பத்தூர் தாண்டியதும், காரில் என் தோளைத் தொட்டாள்.

"இப்பவாச்சும் என்னைய நம்புறீகளா?"

நம்புகிறேன் என்றேன். நான் பொய்யே சொன்னதில்லை என்று சொல்ல மாட்டேன், அன்று சொன்னது ஒன்று.

ஏனென்றால் அந்த டாக்டர் இன்னொன்றும் சொன்னார். நோய் இதுதான் என்று உறுதி செய்ய வேண்டுமானால், மூச்சு முட்டுகிற அந்த நேரத்திலேயே ரத்தம் எடுக்க வேண்டும், அடங்கிவிட்டால் எல்லாம் நார்மலாகத்தான் காட்டும் என்றார். எனக்கு எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. இத்தனை வருஷம் நாங்கள் தப்பான நேரத்தில் மாதிரி எடுத்திருக்கிறோம். அவசரத்துக்குப் போட ஊசியும் மருந்துக் குப்பியும் சிவப்புப் பையில் போட்டுக் கொடுத்தார். தொடையில் எப்படிக் குத்துவது என்று எனக்கும் கற்றுக்கொடுத்தார். ஊசியைத் தாமதிக்கவே கூடாது என்றும் சொன்னார். அதையும் மறைக்கவில்லை. ஆனால் ஊசி போட்டால் மூச்சு வந்துவிடும், வந்துவிட்டால் ரத்தத்தில் அடையாளம் அழிந்துவிடுமே என்று எனக்குப் பட்டது. டாக்டரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

எங்கள் பிள்ளையார் நோன்பு உங்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். மார்கழியில் வரும். புது வேட்டியிலிருந்து எடுத்த நூல்களைத் திரியாக்கி, வெல்லமும் நெய்யும் விட்டுப் பிசைந்த அரிசி மாவு உருண்டையில் செருகி, கொளுத்துவோம். அதற்கு இழை என்று பெயர். வீட்டில் மூத்த ஆண் எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் காலில் விழுந்து வாங்கி, சுடர் அணையாமல் அப்படியே வாயில் போட்டு விழுங்க வேண்டும். அதைத் துப்பக்கூடாது. சிங்கப்பூரில் இருப்பவன்கூட அன்றைக்கு இழை எடுத்துக்கொள்வான். பிள்ளையார் முன்னால் ஐந்து வகைப் பொரி வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் எட்டு வருஷமாக நாலு பொரிதான். எள்ளுப் பொரி வைப்பதில்லை. என் அப்பா, எங்கள் வழக்கில் அப்பச்சி, இருந்திருந்தால் கேட்டிருப்பார்.

இந்த முறை மாவை நான் பிசைகிறேன், நீ போய்க் குளித்துவிட்டு வா என்றேன். "என்ன, இன்னைக்கு மழை கொட்டப் போகுது" என்று கிண்டல் செய்துவிட்டுப் போனாள். சந்தோஷமாக இருந்தாள். மதுரை டாக்டர் மாற்றிக் கொடுத்த புதிய மருந்தில் இரண்டு மாதமாக நன்றாகத்தான் இருந்தாள். தோல் நீக்கிய வெள்ளை எள்ளை வறுக்காமல், வாடை வராதபடி, வெல்லத்தோடு மிக்ஸியில் அரைத்தேன். காரைக்குடியிலிருந்து லேப் ஆள் அழகுராஜாவை விளக்கு வைக்கிற நேரத்துக்கு வரச் சொல்லியிருந்தேன். ரத்தம் எடுக்கத்தான் வருகிறார் என்று அவருக்குத் தெரியும். மற்றது ஒன்றும் அவருக்குத் தெரியாது, அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

முதல் இழையை நான் எடுத்துக்கொண்டேன். அடுத்தது எங்கள் மகள் சௌபர்ணிகாவுக்கு. எல்லாருக்கும் ஒரே மாவுதான், ஆளுக்கொரு மாவு பிசைகிற ஆள் நானில்லை. பிள்ளை விழுங்கிவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டாள். வாசலில் போய் லேப் மாமா வருகிறாரா என்று பார்த்துவரச் சொல்லி அனுப்பினேன். பிறகு தேனம்மை காலில் விழுந்து எழுந்தாள். அவளுடையதைக் கொஞ்சம் பெரிதாகவே பிடித்திருந்தேன்.

வாயில் போட்டதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கையில் துடைக்கிற துண்டு இருந்தது, அதில் துப்பியிருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

"எள்ளு போட்டீகளா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"துப்புனா உங்களுக்கு ஆகாதுன்னு முழுங்கிட்டேன். அந்தப் பையை இங்குட்டுத் தாங்க."

பை என் கையில்தான் இருந்தது. நான் ஒளித்து வைக்கவில்லை, அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். "கொஞ்சம் பொறு தேனு, லேப் ஆளு வந்துரட்டும்" என்று சொல்லிவிட்டு, சாமி அறைக் கதவைத் தாழ் போட்டேன். பிள்ளை வந்து பார்த்தால் பயந்துவிடுவாள்.

அவள் விளங்கிக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது. அதற்குள் கழுத்துச் சிவப்பு கன்னத்துக்கு ஏறிவிட்டது. உதடு மடிந்து வெளியே பிதுங்கியது. பையைப் பிடுங்கப் பாய்ந்தாள். நான் கையை உயர்த்திக்கொண்டேன். என் முகத்தில் கீறினாள், இந்தக் கோடு அதுதான், பெரிய காயம் இல்லை. குத்துவிளக்கை எட்டி உதைத்தாள், எண்ணெய் தரையெல்லாம் ஓடி, அதில் இரண்டு பேரும் வழுக்கி விழுந்தோம். அவள் கதவுப் பக்கம் ஊர்ந்து போனாள். நான் காலைப் பிடித்து இழுத்தேன். அந்தத் தேக்குக் கதவின் அடியில் நகம் ஒன்று ஒடிந்து நின்றதை உங்கள் ஆட்கள் எடுத்துப் போனார்கள். திமிறிக்கொண்டே இருந்ததால் அவள் கைமேல் என் முழங்காலை வைத்து அழுத்தினேன். வலிக்கும்படி அழுத்தவில்லை. மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்திருந்ததாக நீங்கள் சொல்கிறீர்கள், அது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

மூச்சு உள்ளே போகும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு அந்தச் சத்தம் சின்னதாகிக்கொண்டே போனது. சத்தம் குறைந்ததால், அடங்குகிறது என்று நினைத்தேன். வெளியே சௌபர்ணிகா கதவை இரண்டு கையாலும் அறைந்துகொண்டிருந்தாள்.

"அப்பச்சி, ஆத்தாவுக்கு ஊசி போடுங்க. அப்பச்சி."

பிள்ளைக்குக்கூட என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது என்று நீங்கள் சொல்லப்போகிறீர்கள். எனக்கும் தெரியும். அதைச் செய்துவிட்டால் இன்னும் எட்டு வருஷம் இதே சாம்பார், இதே சந்தேகம். ஒரே ஒரு முறை, முழுதாக, கடைசிவரை பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தேன். தேனம்மை கடைசியாகப் பையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். அவள் முகம் அவள் முகமாகவே இல்லை. கண் இருந்த இடத்தில் இரண்டு கோடுதான் இருந்தது. குதிகால் தரையில் அடித்து அடித்து நின்றது. அந்த நேரத்தில்கூட, எழுந்து உட்கார்ந்து சிரிப்பாளோ என்று கொஞ்சம் காத்திருந்தேன்.

அழகுராஜா வந்தபோது அவள் கை சூடாகத்தான் இருந்தது. ரத்தம் எடுங்கள் என்றேன். அவர் கொண்டுவந்த பெட்டியை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தார். தொழிலில் இருப்பவர்கள் இப்படி இருக்கக்கூடாது. நானே எடுத்தேன். நரம்பு சட்டென்று கிடைக்கவில்லை, ஆறேழு இடத்தில் குத்த வேண்டியிருந்தது. குழாய்மேல் பெயரும் நேரமும் எழுதி ஒட்டினேன். பிறகு தட்டில் மீதி எள்ளைப் பரப்பி மற்ற நாலு பொரியோடு வைத்தேன். நோன்பைப் பாதியில் விடக்கூடாது இல்லையா. அடுத்து உங்களுக்கு நானேதான் போன் செய்தேன்.

இன்று காலையில் அந்த ரத்தத்தின் முடிவை என் முன்னால் வைத்தீர்கள். நோயின் அடையாளம் இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு. அதைப் பார்த்து நான் அழுததைக் குற்ற உணர்ச்சி என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் போலிருக்கிறது, தண்ணீர்கூடக் கொடுத்தீர்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது, அம்மா. தேனம்மை நடிக்கவில்லை. எத்தனை டாக்டர்கள், எத்தனை சொந்தக்காரர்கள், எவராலும் அடித்துச் சொல்ல முடியாததை நான் சொல்ல வைத்திருக்கிறேன். இனி அவளைப் பற்றி ஒருவர் ஒரு வார்த்தை பேச முடியாது. கொலை என்று எழுதச் சொன்னால் எழுதித் தருகிறேன். எள்ளைப் போட்டது நான், ஊசியைக் கொடுக்காதது நான், கையை அழுத்திப் பிடித்தது நான். இப்போது கையெழுத்துப் போட எனக்குத் தயக்கமே இல்லை.

ஒரே ஒரு விஷயம். நேற்று ஆச்சி என்னைப் பார்க்க வந்தாள். சௌபர்ணிகா அவள் வீட்டில்தான் இருக்கிறாள். நோன்பன்று தடித்த உதடு இன்னும் வடியவில்லையாம். முறுக்கைக் கடித்தாலும் தொண்டை அரிக்கிறது என்கிறாளாம். "புள்ளையும் ஆத்தா மாதிரியே பண்ணுது தம்பி, பயமா இருக்கு" என்று ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பயப்பட ஒன்றுமில்லை என்றேன். அம்மாவைப் பார்த்துப் பழகியதாகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க இப்போது வழி தெரிந்துவிட்டது. டாக்டர்களிடம் அலையவிட்டுக் குழந்தையைக் கெடுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அதனால்தான் கேட்கிறேன், அடுத்த மார்கழிக்குள் எனக்கு ஜாமீன் கிடைத்துவிடுமா? பிள்ளைக்கு இழையை அப்பச்சி கையால்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.