இரண்டு கையும் கழுவியவர்கள்

“ஒரு கையக் கழுவினா பாதிக் கிருமியாவது போவாதாப்பா?”

புத்தூரில் ஓர் எலும்பு வைத்தியர் வாசலில், எனக்கு முன்னால் நின்ற அம்மா காவலாளியிடம் கேட்டார். அவருடைய கணவர் மாமரத்திலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டிருந்தார். மேல்துண்டில் தொங்கிய அந்தக் கை வீங்கிக்கொண்டே போனது.

“புதுசா வந்துகீற சொரத்துக்கு ரூல்மா. போர்டுல போட்டுக்கீது பாரு. ரெண்டு கையும் சோப்புப் போட்டு ஒண்ணோட ஒண்ணு தேய்க்கணும். அப்பதான் உள்ள விடுவேன்.”

“தேய்க்க முடிஞ்சா நான் ஏன்யா இங்க வரேன்?” என்றார் கணவர், பல்லைக் கடித்தபடி.

அந்த அம்மா அவருடைய இடது கையைப் பிடித்து இழுத்துப்போய், குழாயடியில் தன் கையோடு சேர்த்து நுரை பொங்கத் தேய்த்தார். “ரெண்டு கை ஆச்சா? எண்ணிக்கோ.”

காவலாளி போர்டை இன்னொரு முறை படித்துப் பார்த்தார். “சரி, போங்க. ஆனா ஈரக் கையோட போவக்கூடாது. அதுவும் ரூலு.”

ஆணியில் தொங்கிய டவலை எடுத்து நீட்டினார். அது நனைந்து கனத்திருந்தது.

“இன்னாப்பா, இவ்ளோ ஈரமாக்கீது?”

“காலையிலேர்ந்து வந்தவங்க எல்லாரும் இதுலதாம்மா தொடைச்சிக்கினு போறாங்க. ஒருத்தரையும் நான் சும்மா வுடல.”