‘சாப்டியா?’ என்று கேட்ட சுபேதார் சூசைராஜ்

மதிப்பிற்குரிய பங்குத்தந்தை சார்லஸ் அடிகளார் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் சகோதரி தேவிப்ரியா அவர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் சூசைராஜ் அண்ணனின் துணைவியார், என் அண்ணி அழகி அவர்களே, மகள் இனியா, முன்னாள் படைவீரர் சங்கத்துத் தோழர்களே, கீரனூர்ப் பெருமக்களே! ஆவுடையார்கோவிலிலிருந்து வந்திருக்கும் ஆனந்தராஜின் வணக்கம் உங்கள் எல்லோருக்கும்.

இந்தப் படத்திறப்புக்கு நான் அழ வரவில்லை. அதை வரும் வழியிலேயே முடித்துவிட்டேன். அறந்தாங்கியில் ஆரம்பித்தது, திருக்கோகர்ணம் தாண்டியும் நிற்கவில்லை. மீசை வைத்த ஒரு பழைய பட்டாளத்துக்காரன் பஸ்ஸில் தேம்பித் தேம்பி அழுதால் பார்க்கிறவர்கள் என்ன செய்வார்கள்? பக்கத்து சீட்டு அம்மா தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, "யாருங்க தவறிட்டாக?" என்று கேட்டார். "எனக்கு உசிரு குடுத்தவரும்மா" என்றேன்.

நான் நன்றி சொல்ல வந்திருக்கிறேன். இந்த மைக்கைப் பிடித்து நிற்கிறேனே, இந்த உடம்பு ஒரு மலை ஓடையில் சிதறிப் போயிருக்க வேண்டியது. அப்படிப் போகாமல் வீடு வந்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, பேரப்பிள்ளை மீசையைப் பிடித்து இழுக்கும் சுகத்தையும் கண்டுவிட்டது. யாரால்? சுபேதார் சூசைராஜ் அவர்களால்!

உங்களுக்கு அவரை எப்படித் தெரியும்? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டும் சூசையாகத் தெரியும். தண்ணீர் பாய்ச்சுகிற நேரத்தில் மோட்டார் புகைந்துவிட்டால், சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து வருகிறவராகத் தெரியும். கோயில் ஜெபத்தில் எல்லோரும் இரண்டு கையையும் உயர்த்தும்போது, அவருடைய இடது கை மட்டும் பாதியிலேயே நின்றுவிடும். பார்த்திருக்கிறீர்களா? அந்தக் கை ஏன் அதற்குமேல் போகவில்லை என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா? கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார். "ஏணியிலேருந்து விழுந்தேன்" என்று ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தார். அவர் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறேன்.

பெரியோர்களே! நாங்கள் இருவரும் கமாண்டோ பிரிவில் ஒன்றாக இருந்தவர்கள். சேர வருகிறவர்களில் பெரும்பாலோர் பயிற்சி பாதியிலேயே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடுகிற பிரிவு அது. அப்போது அவர் ஹவில்தார், நான் அவருக்கு ஒரு படி கீழே நாயக். இனியா பிறந்த வருஷம் எங்களை வடகிழக்கு எல்லை மலைகளுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு ரகசிய இயக்கம் இருந்தது. அதன் பெயரை நான் சொல்லப்போவதில்லை. இன்றைக்கு அது இல்லை. இல்லாத ஒன்றுக்கு எதற்குப் பெயர்? பகலில் தோட்டத்தில் வேலை செய்வார்கள், சந்தையில் காய் விற்பார்கள். அவர்களில் யார் பாலத்துக்குக் குண்டு வைத்தவன் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. பள்ளிக்கூட வேனைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை.

அந்த மலையில் நாங்கள் இருவரும் ஒரு தந்திரம் வைத்திருந்தோம். அணிக்கு முன்னால் அவர் நடப்பார், கடைசியில் நான் வருவேன். இரண்டு பேர் கையிலும் வயர்லெஸ். அதில் தமிழில்தான் பேசுவோம். அந்தக் காட்டில் தமிழ் யாருக்குப் புரியும் என்ற தைரியம்! அதிலும் அவர் ஒரு குறும்பு செய்தார். மலைகளுக்கெல்லாம் நம் பஸ் ரூட்டையே பெயராக வைத்துவிட்டார். முகாம் கீரனூர். நடு மேடு திருக்கோகர்ணம். தூரத்துப் பள்ளத்தாக்கு, என் ஊரைக் கிண்டல் செய்வதற்காகவே, ஆவுடையார்கோவில். "கீரனூர்ல ஏறியாச்சு, திருக்கோகர்ணத்துல டீ குடிச்சுட்டு வாரோம்" என்று பேசுவோம். எங்கள் மேஜர் தலையில் அடித்துக்கொண்டே அனுமதி கொடுத்தார்.

எந்தப் பேச்சையும் அவர் ஒரே கேள்வியில்தான் ஆரம்பிப்பார். மழை கொட்டினாலும் சரி, துப்பாக்கிச் சத்தம் கேட்டாலும் சரி, வயர்லெஸ்ஸை அழுத்தியதும் முதல் வார்த்தை, "சாப்டியா?" அதற்குப் பிறகுதான் எதிரி, பாதை, உத்தரவு எல்லாம். "அண்ணே, இது என்ன மாமியார் வீடா?" என்று நான் எரிந்து விழுவேன். அடுத்த முறையும் அதையேதான் கேட்பார்.

நண்பர்களே, புத்திசாலிகள் என்று நினைத்துக்கொண்ட நாங்கள் அந்த மலையில் செய்த முட்டாள்தனம் எது தெரியுமா? நம் ஊர் போர்வெல் லாரிகளை மறந்ததுதான்! தமிழ்நாட்டு ரிக் லாரி போகாத ஊர் இந்தியாவில் உண்டா? எங்கள் பேச்சை அந்த இயக்கம் ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்திருக்கிறது. ஒருவனுக்கும் புரியவில்லை. ஊர் ஊராகப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். கடைசியில் ஒரு இளைஞன், "இது ரிக் வண்டிக்காரங்க பேசுற பாஷை" என்றானாம். போர்வெல் லாரியில் வேலை பார்த்துத் தமிழ் கற்றவன். துப்பாக்கி முனையில் அவனை இழுத்துப்போய், பள்ளத்தாக்குப் பாதைக்கு மேலே ஒரு பாறை இடுக்கில் உட்காரவைத்து, எங்கள் பேச்சு கேட்கும் வயர்லெஸ் ஒன்றைக் காதில் மாட்டினார்கள். எங்கள் ‘சாப்டியா’வையெல்லாம் அவனும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறான்.

அந்த நேரத்தில்தான் இயக்கத்துக்குள்ளேயே பிளவு. தலைவனுக்கு எதிராகத் துணைத்தலைவன் கிளம்பினான். ரகசியமாக எங்களுக்குத் தூது அனுப்பினான். "தலைவன் பள்ளத்தாக்கில் இருக்கிறான், பிடித்துக்கொள்ளுங்கள்" என்றான். வழிகாட்ட ஆளும் கொடுத்தான். அதே கையோடு, பள்ளத்தாக்குக்குப் போகும் வறண்ட ஓடை முழுவதும் குண்டு புதைத்துவைத்தான். நாங்கள் செத்தால் பழி தலைவன்மேல் விழும். ராணுவம் பழிவாங்கத் தலைவனைத் தேடி அழிக்கும். இயக்கம் துணைத்தலைவன் கைக்கு வந்துவிடும். எப்பேர்ப்பட்ட கணக்கு பாருங்கள்! கூட இருந்தவனுக்கும் துரோகம், நம்பி வந்தவனுக்கும் துரோகம்.

விடிந்து பனி விலகுகிற நேரம். ஓடைக்கரைக்கு வந்துவிட்டோம். கால் சுளுக்கிக்கொண்டது என்று வழிகாட்டி பின்னால் ஒதுங்கிக்கொண்டான். சூசைராஜ் அண்ணன் ஓடையில் இறங்கக் காலைத் தூக்கிவிட்டார். அப்போது எங்கள் வயர்லெஸ்ஸில் ஒரு புதுக் குரல். அரைகுறைத் தமிழ். "அண்ணே, ஆவுடையார்கோவில் பஸ்ல ஏறாதீங்க! ரோடு பூரா குண்டு!"

எங்கள் ரகசியம் முழுவதும் எதிரியின் காதில்! "அண்ணே, ஏமாத்துறாங்க, நம்பாதீங்க" என்று கத்தினேன். மேஜரும் முன்னேறச் சொன்னார். அந்த இடத்தில், பெரியோர்களே, தூக்கிய காலைப் பின்னால் வைத்தாரே, அந்த ஒரு அடிக்குத்தான் நான் இன்று நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"நம்மளைக் கொல்லணும்னா அவன் வாயத் தொறக்க வேண்டியதே இல்லயேடா. பேசாம இருந்திருந்தா நாமளே நடந்து போய்ச் செத்திருப்போம். தனக்குத் தமிழ் தெரியும்னு காட்டிக்கிட்டு ஒருத்தன் பேசுறான்னா, அவன் உசிரப் பணயம் வச்சுப் பேசுறான்." இதுதான் அவர் சொன்னது. பிறகு மேஜரிடம் திரும்பினார். "சாப், நானும் இறங்க மாட்டேன், இவர்களையும் இறங்க விடமாட்டேன். நான் நினைத்தது தப்பு என்றால் என் பதவிப் பட்டையை இங்கேயே பிடுங்கிக்கொள்ளுங்கள்."

மேஜர் வழிகாட்டியைக் கூப்பிட்டு, "முதலில் நீ இறங்கு" என்றார். கால் சுளுக்கியவன் எடுத்தானே ஓட்டம்! பிடித்து ஓடைக்கரையில் நிறுத்தியதும் தரையில் விழுந்து எங்கள் பூட்ஸைக் கட்டிக்கொண்டான். எங்களுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

மற்றவராக இருந்தால் சிலுவை போட்டுக்கொண்டு திரும்பியிருப்பார். வயர்லெஸ்ஸில் மறுபடியும் அந்தக் குரல் வந்தது. "என்னப் பாத்துட்டாங்கண்ணே." அதோடு நின்றுவிட்டது. அண்ணன் பையை இறுக்கிக் கட்ட ஆரம்பித்தார். "அவன் தீவிரவாதி, நமக்கு என்ன?" என்றார் எங்களில் ஒருவர். "நம்மள நம்பி ஒருத்தன் வாயத் தொறந்துட்டான். அவனை அங்கிட்டு விட்டுட்டு வந்தா, நான் வீட்ல போய் எப்படிய்யா சோறு திங்கிறது?" என்று கேட்டுவிட்டு, வழிகாட்டி காட்டிய பாறையை நோக்கி மலையேறினார். மேஜர் கையசைத்தார். நாங்களும் பின்னால் ஏறினோம்.

மேலே நடந்த சண்டையை நான் வர்ணிக்க மாட்டேன், பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். பாறை இடுக்கில் இடுப்பில் குண்டு வாங்கிக் கிடந்த அந்த இளைஞனைச் சூசைராஜ் அண்ணன்தான் தோளில் தூக்கினார். இறங்கும்போது அவருடைய இடது தோளில் குண்டு பாய்ந்தது. இளைஞனைக் கீழே போடாமல் வலது தோளுக்கு மாற்றிக்கொண்டார். கோயிலில் பாதியில் நின்ற கை அந்தக் கைதான், பெருமக்களே!

ஓடையில் தோண்டி எடுத்த குண்டுகளின் சேதியும், துணைத்தலைவன் எங்களுக்குத் தூது விட்ட சேதியும் மலை முழுக்கப் பரவின. ‘நம்மையே விற்றுவிட்டானே’ என்று தலைவன் ஆட்களும் துணைத்தலைவன் ஆட்களும் ஒருவரை ஒருவர் நம்பாமல் போனார்கள். கூட்டம் கூட்டமாக இறங்கி வந்து ஆயுதத்தை வைத்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பயமில்லாமல் பள்ளிக்கூடம் போகிறார்கள். அதில் நம் கீரனூர்க்காரர் ஒருவருடைய பங்கு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. நமக்காவது தெரிய வேண்டாமா?

மிரட்டலுக்குப் பயந்துதான் என்றாலும் இயக்கத்துக்கு உதவியவன் என்று அந்த இளைஞனை நீதிமன்றம் விசாரித்துத் தண்டித்தது. தண்டனையை முழுதாக அனுபவித்து வெளியே வந்தான். சிறை வாசலில் யார் நின்றார்கள்? டிபன் கேரியரோடு சூசைராஜ்! முதல் கேள்வி என்னவாக இருந்திருக்கும்? நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

நான் ஒரு நாள் அவனிடம், "ஏன்டா அன்னிக்கு எங்களக் காப்பாத்துன?" என்று கேட்டேன். ஏதாவது பெரிய கொள்கை சொல்வான் என்று பார்த்தேன். அவன் சொன்னான்: "அண்ணன் டெய்லி ‘சாப்டியா’னு கேப்பாரு. நீங்க அங்க பதில் சொல்லுவீங்க. நான் இங்க தனியா உக்காந்து, ‘இல்லண்ணே, இன்னும் இல்ல’னு சொல்லுவேன். எங்கூட இருந்த ஆளுங்க யாருமே என்னக் கேட்டதில்ல." நான் எரிச்சல்பட்ட அந்த ஒரு வார்த்தைதான் எங்கள் அணி முழுவதையும் காப்பாற்றியிருக்கிறது. எதை வைத்து இதற்கு நன்றி சொல்வது!

அவனை உங்களுக்குத் தெரியும். பட்டறையில் அண்ணனோடு உட்கார்ந்து காயில் கட்டிய பிரசாந்த்தான் அவன். அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்தபோது தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன். சவப்பெட்டியின் தலைமாட்டைத் தோளில் சுமந்தவன். அன்றைக்கே, "சொந்தக்காரன் இருக்க, வெளியூர்க்காரன் எப்படித் தலைமாட்டைப் பிடிக்கலாம்?" என்று முணுமுணுப்பு. மறுநாள் யாரோ அவனுடைய பழைய வழக்கைத் தோண்டி செல்போனில் பரப்பிவிட்டார்கள். ‘தீவிரவாதி நம் ஊரில் எதற்கு?’ என்ற பேச்சு. பட்டறைக் கதவில் பூட்டு. நாளைக் காலை ரயிலுக்கு அவன் பையைக் கட்டிவிட்டான் என்று கேள்விப்பட்டுத்தான் நான் அவசரமாக ஓடிவந்தேன்.

பயப்படுகிறவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. நானும் அன்று ‘நம்பாதீங்க’ என்றவன்தானே. ஆனால் அழகி அண்ணி காலையில் என்னிடம் சொன்னதை உங்கள் காதில் போட்டுவிடுகிறேன். "எங்க வீட்டுக்காரவுக தோள்ல சொமந்துட்டு வந்த புள்ள. அவுக எறக்கி வச்ச எடம் இந்த ஊரு. இங்கிட்டிருந்து அவனை அனுப்பணும்னா, மொதல்ல என்னைய அனுப்புங்க." இனியா திருச்சியில் நர்சிங் படிக்கிற பெண். பட்டறைச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். இதோ, சட்டைப்பையில் இருக்கிறது.

சுபேதார் சூசைராஜ் அவர்களுக்கு எப்படி அஞ்சலி செலுத்தப் போகிறோம்? மாலை வாடிவிடும். ஃப்ளெக்ஸ் பேனர் காற்றில் கிழிந்துவிடும். எங்கள் சங்கம் அவருடைய பட்டறையைத் திறந்தே வைக்கும். ஊர் மோட்டார்கள் அங்கேதான் வரும் என்று தலைவர் தேவிப்ரியா அவர்கள் மேடை ஏறும் முன்பே எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். மாதா மாதம் ஆவுடையார்கோவில் பஸ்ஸில் நான் வருவேன். வந்து பட்டறையைப் பார்ப்பேன், இது என் உறுதிமொழி.

அழைப்பிதழில் ‘படத்தைத் திறந்துவைப்பவர்: ஆனந்தராஜ்’ என்று போட்டிருக்கிறார்கள். மன்னிக்க வேண்டும், அந்தத் தகுதி எனக்கு இல்லை. அந்தக் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, அவனுக்குத்தான் இருக்கிறது. வழி விடுங்கள் ஐயா. பிரசாந்த், எழுந்து வா. பையை அங்கேயே வை, ஒருவரும் எடுக்க மாட்டார்கள். அண்ணன் படத்தைத் திற. இந்தா, பட்டறைச் சாவி.

அடக்கம் முடிந்த நாளிலிருந்து ஒரு கேள்வியை உன்னிடம் யாரும் கேட்கவில்லை என்று அண்ணி சொன்னார்கள். அவர் கேட்ட கேள்வியை இனி இந்த ஊர் கேட்கட்டும். முதல் ஆளாக நான் கேட்கிறேன்.

சாப்டியாடா?