இடம் சுற்றிய ஆறுச்சாமி

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பஞ்சாயத்து மெம்பர் நஞ்சப்பன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருக்கும் தம்பி சின்னமுத்து அவர்களே, அவரோடு வந்திருக்கும் தோட்டத்துத் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆறுச்சாமியின் துணைவியார் சகோதரி மயிலாத்தாள் அவர்களே, எருத்தேன்பதிப் பெருமக்களே! பந்தயக் கமிட்டித் தலைவன் குப்பண்ணனின் வணக்கம்.

பத்து வருடமாக ஒவ்வொரு தை மாதமும் இதே மேடையில் நின்று, இதே ஒலிபெருக்கியில் நான் கத்தியிருக்கிறேன். இதோ வருகிறார், இதோ முந்துகிறார் என்று கத்தித் தொண்டை கட்டியிருக்கிறேன். இந்த மேடைக்குப் பலகை அடித்தவர் யார்? ஆறுச்சாமி. எதிரே கடலைக்காட்டின் நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு பாதை தெரிகிறதே, அதற்கு மண் அடித்தவர் யார்? ஆறுச்சாமி. நான் பேசி முடித்ததும் அருகில் வந்து, "கொஞ்சம் மெதுவாப் பேசுங்ணா, எஞ்சின் சத்தமே கேக்க மாட்டீங்குது" என்று குறை சொல்வாரே, அவர் எங்கே? நாற்பத்தெட்டு வயது. பதினாறு நாளைக்கு முன் ஒரு நெஞ்சுச் சளிக் காய்ச்சல் வந்து, நான்கே நாளில் அவரைக் கொண்டுபோய்விட்டது.

ஏலப்பாறைத் தேயிலை ஃபேக்டரியில் அவர் ஃபிட்டராக இருந்தது உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு வெள்ளைக்கார மேனேஜர் இருந்தார். அவர் பங்களாவில் மோட்டார் சைக்கிள் பந்தயப் பத்திரிகைகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. மண் பாதையில் நாலு பேர், நாலு சுற்று, அவ்வளவுதான் பந்தயம். ஆறுச்சாமிக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. படங்களைப் படித்தார். ஒரு படத்தை ஒரு வாரம் படித்தார். மேனேஜர் ஊருக்குக் கப்பலேறும்போது தன் பந்தய வண்டியையும் அந்தப் பத்திரிகைகளையும் இவரிடமே கொடுத்துவிட்டுப் போனார். அப்பா காலமானதும் காட்டைப் பார்க்க ஆறுச்சாமி ஊர் திரும்பினார். தேயிலை லாரியில், பெட்டிகளுக்கு நடுவில், அந்த வண்டியும் மலையிறங்கி வந்தது.

அதில் முதலில் ஏறியவன் நான்தான். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் கேட்கவில்லை. முறுக்கிவிட்டேன். வண்டி பறந்தது. நிறுத்தலாம் என்று பார்த்தால் பிரேக்கைக் காணோம். காலால் தேடுகிறேன், கையால் தேடுகிறேன், காணோம். கடைசியில் நஞ்சப்பன் அவர்களின் சோளக்காட்டுக்குள் புகுந்துதான் நின்றேன். ஆறுச்சாமி ஓடிவந்தார். "ஏப்பா, பிரேக்கு எங்கப்பா?" என்றேன். "இந்த வண்டிக்கு பிரேக்கே கெடையாதுங்ணா, அதத்தான் சொல்ல வந்தேன்" என்றார். அதற்குப் பிறகும் நான் நம்பவில்லை. அந்த வெள்ளைக்காரத் துரை பிரேக்கைக் கழற்றி விற்றுவிட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பிரேக் இல்லாத வண்டியைப் பற்றி அவர் வைத்திருந்த கருத்து இருக்கிறதே, அதை நான் இன்றுவரை மறக்கவில்லை. "பிரேக்கு இருந்தா ஒருத்தன் பயந்து புடிச்சிருவானுங்ணா. பின்னால வாரவன் அவன் மேல ஏறிருவான். முன்னால போறவன் திடீர்னு நிறுத்த மாட்டான்கற நம்பிக்கை இருக்குதல்லங்க, அதுதானுங்க பிரேக்கு." இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கோயிலில் நிற்கும் முகம்.

எத்தனை கருத்துகள் அவருக்கு! நேர் பாதையில் வேகமாக ஓட்டுகிறவனை அவர் மதிக்கவே மாட்டார். "நேரா எருமைகூட ஓடுமுங்க. திருப்பத்துல பாருங்க" என்பார். பின் சக்கரம் வழுக்கிக்கொண்டு வெளிப்பக்கம் போக வேண்டும், முன் சக்கரம் திருப்பத்துக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும், அந்த நேரத்தில் முறுக்கிய கை தளரக் கூடாது. தளராதவன்தான் அவருக்கு ஓட்டக்காரன். ஜெயித்தானா தோற்றானா என்று கேட்க மாட்டார். பாதைக்கு ஏரிக் கரம்பையும் ஆற்று மணலும் எத்தனை கூடை என்று அவரிடம் ஒரு கணக்கு. காலையில் ஒரு தண்ணீர், உச்சிவேளையில் ஒரு தண்ணீர். கூடக் கொட்டினால் சண்டைக்கு வருவார். எஞ்சினுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்ற வேண்டும் என்பார். முதல் வருடப் பந்தயத்தில் களமெல்லாம் விளக்கெண்ணெய் வாடை. மருந்து ஊற்றத்தான் வருகிறார்கள் என்று நினைத்துப் பாதிப் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடிவிட்டன. சிரியுங்கள், அவர் இருந்திருந்தால் முதலில் அவர்தான் சிரித்திருப்பார்.

பெருமக்களே, இனி நான் சொல்லப் போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

அந்தப் பந்தயம் உலகத்தில் எங்கே நடந்தாலும் இடப்பக்கமாகத்தான் சுற்றுவார்கள். இடது பக்கம் சாய்ந்து, இடது காலைத் தரையில் ஊன்றி வழுக்கிக்கொண்டு போவார்கள். அந்தக் காலுக்கு இரும்பு அடி வைத்த செருப்பு. வண்டியே அதற்காகப் பிறந்தது. வலது காலுக்குத்தான் மிதி இருக்கும், இடது காலுக்குக் கிடையாது. முதல் கமிட்டிக் கூட்டத்தில் ஆறுச்சாமி படங்களை விரித்து வைத்து இதையெல்லாம் விளக்கினார். எழுந்து நின்று மறுத்தவன் யார்? நான். "சாமியச் சுத்தறது வலமா. எழவுலதான் இடமாச் சுத்துவோம். பெத்தவங்க பாத்துக்கிட்டு இருக்கறப்ப அவங்க பசங்கள நாம எழவு சுத்துச் சுத்த உடறதா?" என்று கேட்டேன். கூட்டம் என் பக்கம் சாய்ந்தது. ஆறுச்சாமி படங்களை மெல்லச் சுருட்டினார். "சரிங்ணா. ஊரு மனசுக்குப் புடிக்காம எதுக்குங்க" என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரமே கொல்லரிடம் போய் மிதியை இடப்பக்கத்துக்கு மாற்றினார், வலது காலுக்கு ஓர் இரும்புச் செருப்பு அடித்தார். பந்தயத்துக்குப் பிரேக்கைக் கழற்றிக்கொண்டு வந்த மற்றவர்களின் வண்டிகளுக்கும் அப்படியே செய்தார். உலகம் இடமாகச் சுற்ற, எருத்தேன்பதி மட்டும் வலமாகச் சுற்றியது.

அவர் பந்தயத்தில் ஓட்டியதே இல்லை. வண்டி அவருடையது, பாதை அவருடையது, ஆனால் ஓட்டக் கூப்பிட்டால் "எனக்கு வயசாச்சுங்ணா" என்பார். அப்போது வயது முப்பத்தெட்டு. நான் என்ன செய்தேன் தெரியுமா? இதோ, இந்த ஒலிபெருக்கியில், ஆயிரம் பேர் நடுவில், "நமது ஆறுச்சாமி பிரமாதமான ரசிகர், வண்டியில் ஏறச் சொன்னால் மட்டும் கால் நடுங்கும்" என்று சொன்னேன். ஜனம் சிரித்தது. அடுத்த வருடமும் சொன்னேன். ஜனம் சிரிக்கிறது என்பதற்காக வருடா வருடம் சொன்னேன். மயிலாத்தாள் இந்த வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார். ஒரு தடவைகூட அவர் பக்கம் நான் திரும்பிப் பார்த்ததில்லை.

ஐந்து வருடத்துக்கு முன் தம்பி சின்னமுத்து விழுந்தாரே, நினைவிருக்கிறதா? மூன்றாவது சுற்றுத் திருப்பத்தில் விழுந்து காறை எலும்பு ஒடிந்தது. நாற்பது நாள் ஆறுச்சாமி வீட்டில்தான் கிடந்தார். கஞ்சி ஊட்டியது மயிலாத்தாள், முதுகு துடைத்துவிட்டது ஆறுச்சாமி. நான் பார்க்கப் போனபோது சின்னமுத்து சொன்னார், "அண்ணாச்சி, வண்டி வலப்பக்கம் சாயவே மாட்டேங்கு. முரண்டு பிடிக்கி." நான் ஆறுச்சாமியைப் பார்த்தேன். அன்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன்னால்தான் குப்பண்ணா, உன் வலச்சுற்றால்தான் என்று சொல்லியிருந்தால், நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? அவர் சொல்லவில்லை. "மண்ணுல தண்ணி கொஞ்சம் சாஸ்தியாயிருச்சுங்ணா, எம்பட தப்புதான்" என்றார். அந்த மனிதருக்குத் தண்ணீர்க் கணக்கு தப்பாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் எழுந்து வந்துவிட்டேன்.

சுடுகாட்டில் அவருடைய தம்பி கொள்ளிக்குடத்தோடு இடமாகச் சுற்றினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த மனிதர் கேட்டதை நாம் கடைசியில் இப்படியா கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. ஒன்பதாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். மயிலாத்தாள் உள்ளே போய் ஒரு சாக்கை எடுத்து வந்து என் முன்னால் கொட்டினார். இரண்டு இரும்புச் செருப்புகள். வலது கால் செருப்பு நம் ஓட்டக்காரர்கள் பத்து வருடம் போட்டு ஓட்டியது. அடி நன்றாகவே இருந்தது. இடது கால் செருப்பைக் கையில் எடுத்தேன். இரும்பு தேய்ந்து, காகிதம்போல் ஆகி, நடுவில் ஓட்டை விழுந்திருந்தது.

"இது யாருதுங்க அம்மிணி?" என்று கேட்டேன்.

"அவியளுதுதானுங்ணா. பந்தயத்தன்னிக்கு மத்தியானம் நீங்கெல்லாம் சோத்துக்குப் போயிருவீங்கல்ல. அப்ப ரெண்டு போல்ட்டக் கழட்டி மிதிய மாத்துவாங்க. இடமா நாலு சுத்து ஓட்டுவாங்க. மறுக்கா மிதிய மாத்திப் போட்டு, மண்ணையும் சரி பண்ணிட்டுத்தான் சாப்புட வருவாங்க. மத்த நாள்லயும் காட்டுல ஆளில்லாதப்ப ஓட்டுவாங்க. பாக்கறதுக்கு நான் ஒருத்திதான்."

"ஏன் அம்மிணி எங்கிட்டச் சொல்லல? கால் நடுங்குதுன்னு அத்தன பேரு நடுவுல சொன்னனே?"

"நானுங் கேட்டனுங்க. குப்பண்ணன் சொன்னாச் சொல்லிட்டுப் போவட்டும், ஊருல நாலு பேரு சிரிச்சாத்தானே கூட்டம் வரும், பந்தயம் நடக்கும்னாங்க."

பெருமக்களே, நான் முரடன். எந்தக் கூட்டத்திலும் நான் சொன்னதை வாபஸ் வாங்கியது கிடையாது. இன்று வாங்குகிறேன். எந்த ஒலிபெருக்கியில் சொன்னேனோ அதே ஒலிபெருக்கியில் வாங்குகிறேன். ஆறுச்சாமிக்குக் கால் நடுங்கவில்லை. இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவரைப்போல் ஓட்டத் தெரிந்தவர் யாரும் இல்லை. நம் மனம் நோகக் கூடாது என்று ஒளிந்து ஓட்டினார். தம்பி சின்னமுத்து, உன் எலும்பு ஒடிந்ததற்கும் தண்ணீர் காரணமில்லை, இந்தக் குப்பண்ணன்தான் காரணம். மயிலாத்தாள், நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. கேட்கத்தான் செய்கிறேன்.

நேற்றுக் கமிட்டி கூடியது. வருகிற தையிலிருந்து இடமாகவே ஓட்டுவது என்று நான் தீர்மானம் கொண்டுவந்தேன். சிலர் தயங்கினார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களுக்கு அந்தப் பயத்தைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். அப்போது மயிலாத்தாள் எழுந்து நின்றார். "எங்கூட்டுக்காரரு பத்து வருசம் இடமாத்தானுங்க சுத்துனாரு. ஒரு சிராய்ப்பில்ல. காச்சல்லதான் போனாரு" என்றார். தயங்கியவர்களும் கை தூக்கினார்கள். தீர்மானம் நிறைவேறியது. மண் கலவை அவர் போட்ட கணக்குப்படி, தண்ணீர் அவர் ஊற்றிய நேரப்படி, சுற்று அவர் கேட்ட பக்கம். எருத்தேன்பதியில் கடலை விளைகிற வரைக்கும் இது நடக்கும். இது நான் அவருக்குக் கொடுக்கும் வாக்கு.

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு நிமிடம் மௌனமாக நிற்பார்கள். சத்தத்தையே சாப்பிட்டு வாழ்ந்த மனிதருக்கு மௌனம் எதற்கு? நாலு சுற்று முடிகிறவரை எல்லோரும் எழுந்து நில்லுங்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். சின்னமுத்து, போய் வண்டியில் ஏறப்பா. ரெண்டு போல்ட்டையும் இறுக்கிப் பார்த்தாயா? மிதி வலப்பக்கம்தானே? அந்த இடது கால் செருப்புக்கு மயிலாத்தாள் நேற்றே கொல்லரிடம் தகடு போட்டு வாங்கிவிட்டார். போட்டுக்கொள். திருப்பத்தில் கை தளர விடாதே, அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த ஒலிபெருக்கியில் நான் எத்தனையோ பேரைச் சொல்லி அழைத்திருக்கிறேன். ஒரு பெயரை மட்டும் ஓட்டக்காரர் வரிசையில் சொன்னதே இல்லை. இன்று சொல்கிறேன், கேளுங்கள்.

முதல் ஓட்டம். ஓட்டக்காரர், எருத்தேன்பதி ஆறுச்சாமி. வண்டி இடப்பக்கமாக வருகிறது. வழி விடுங்கள்.