ஏகாதசிப் பால்

எங்கள் வீட்டில் காலையில் பாலுக்குப் போவது நான்தான். மாட்டுங்காவில் எத்தனையோ ஆண்பிள்ளைகள் பேப்பரை விரித்துக்கொண்டு காப்பிக்குக் காத்திருப்பார்கள். நான் கார்டை எடுத்துக்கொண்டு பால் சென்டர் வரிசையில் நிற்பேன். பாட்டிலைக் கொண்டுவந்து காய்ச்சி, என் மனைவி அபயாம்பாளுக்கு ஒரு டம்ளர் ஆற்றி மூடி வைத்துவிட்டுத்தான் ஆபீஸுக்குக் கிளம்புவேன். "அபயம் குடுத்து வெச்சவ" என்று கட்டடத்து மாமிகள் எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம், ஸார். முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

நான் ஃபோர்ட்டில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பிரிவில் இருக்கிறேன். கடை எரிந்தது, லாரி கவிழ்ந்தது என்று வருகிறவர்களில் பாதிப் பேர் பொய் சொல்கிறவர்கள். மீதிப் பேர் இன்னும் பிடிபடாதவர்கள். தொழில் கற்றுக்கொடுத்த பாடம் இது. வீட்டுக்கு வந்ததும் சட்டையோடு சேர்த்து அதையும் கழற்றி மாட்ட எனக்குத் தெரியவில்லை.

எங்களுக்குக் குழந்தை இல்லை. கிச்சு என்று ஒரு சாம்பல் நிறப் பூனை இருந்தது. அபயாம்பாள் அதை மடியில் போட்டுக்கொண்டு ஊர்க்கதையெல்லாம் பேசுவாள். எனக்கும் அதன்மேல் பிரியம்தான்.

போன வருஷம் அவள் கிங்ஸ் சர்க்கிளில் ஒரு மாதர் சங்கத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போக ஆரம்பித்தாள். பூ வைத்துக்கொண்டு போவாள், சிரித்த முகமாகத் திரும்பி வருவாள். பாட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறவளுக்கு எதற்கு அவ்வளவு சிரிப்பு? மாடி வீட்டுச் சுந்தரராமன் வேறு அதே பஸ் ஸ்டாப்பில் நிற்பான். வேறொரு இன்சூரன்ஸ் கம்பெனியின் ஏஜெண்ட், கல்யாணமாகாதவன். மாமி என்று கூப்பிடுகிறவனெல்லாம் மருமான் ஆகிவிட முடியாது. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

அதற்குப் பிறகு அவளுக்கு உடம்பு படுத்த ஆரம்பித்தது. குமட்டல், அசதி, கால் கடுப்பு. பாட்டு வகுப்பு நின்றது. சாயங்காலம் நான் வரும்போது கட்டிலில் இருப்பாள். கஞ்சி வைத்துக் கொடுப்பேன், கால் பிடித்துவிடுவேன். "உங்களுக்கு எத்தனை சிரமம்" என்று கண் கலங்குவாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

பூனைக்குச் சீக்கு வந்ததும் அப்போதுதான். வாந்தி எடுத்துச் சுருண்டு படுக்கும். சில நாளில் தேறும், மறுபடி படுக்கும்.

"ஏன்னா, பூனைக்குக்கூட இன்சூரன்ஸ் உண்டாமே? ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் கம்பெனி குடுத்துடுமாம். சுந்தரராமன் சொன்னான்" என்றாள் ஒருநாள் சாயங்காலம்.

அவன் எப்போது வந்து சொன்னான் என்று நான் கேட்கவில்லை. மனதில் குறித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவனே இறங்கி வந்தான். கிச்சு அன்று தலை தூக்கவே இல்லை.

"மஹாலக்ஷ்மி மைதானத்திலே ரேஸ் குதிரைக்குப் பாலிசி எழுதறா, மாமா. பார்ஸிக்காராளோட நாய்க்கு எழுதியிருக்கா. பூனைக்கும் கேட்டுப் பாக்கலாம். மிருக டாக்டர் ஒருதரம் நன்னாப் பரிசோதிக்கணும், அவ்வளவுதான்."

வேண்டாம் என்று தீர்மானித்தேன். காரணமும் சொன்னேன். வெள்ளம் வருமுன் அணை போட்டால் அது இன்சூரன்ஸ், வந்தபின் போட்டால் மோசடி. கிளெய்ம் பிரிவில் இருக்கிறவன் வீட்டிலேயே சீக்குப் பூனைக்குப் பாலிசி கேட்டால் நாலு பேர் சிரிப்பார்கள். எல்லாம் நியாயமான காரணங்கள். டாக்டர் பரிசோதிப்பார் என்பதும் ஒரு காரணம்.

சுந்தரராமன் விடவில்லை. எங்கள் தொழிலில் முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்டான். "மாமி, இதுக்கு எப்பெப்போ படுத்தறது?"

அவள் யோசித்தாள். "இன்னிக்குத் துவாதசியா? போன தரமும் துவாதசிதான். நான் விரதம் முடிச்சுச் சாப்பிட உக்காரச்சே வாந்தி எடுத்தது."

"ஏகாதசியன்னிக்கு அதுக்கு என்ன குடுக்கறேள்?"

"நான்தான் அன்னிக்குப் பச்சத் தண்ணி பல்லுல படாம இருக்கேனே. இவர் எனக்கு வெச்சுட்டுப் போற பாலை அதுக்கு ஊத்திடுவேன். வீணாக்குவானேன்."

அவன் என்னைப் பார்த்தான். எழுந்து மாடிக்குப் போய்விட்டான்.

என் பிசகு இங்கேதான், ஸார். ஏகாதசியன்று பால் வைக்க வேண்டாம் என்று அவள் ஒவ்வொரு தடவையும் சொல்வாள். நான் நம்பவில்லை. நான் படியிறங்கியதும் யாருக்கும் தெரியாமல் எடுத்துக் குடிப்பாள் என்றே நினைத்தேன். அதனால் மற்ற நாட்களைப் போலவே அன்றும் தாதரில் வாங்கிய எலிப் பாஷாணத்தைத் துளி கலந்து மூடி வைத்தேன். அவள் மெய்யாகவே விரதம் இருந்திருக்கிறாள். அந்த ஒரு விஷயத்திலாவது அவளை நம்பியிருந்தால் இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

சுந்தரராமன் அப்படிக் கேட்டுப் போன மறுநாள் நான் ஆபீஸ் போனதும் அவனும் அவளும் டாக்ஸி வைத்துக்கொண்டு பரேல் மிருக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கிச்சு டாக்டர் மேஜையிலேயே செத்துப்போயிற்று. அதன் வயிற்றில் இருந்ததைப் பரிசோதித்தார்கள். பிறகு அவள் வீட்டுக்கு வரவில்லை. நீங்கள் வந்தீர்கள்.

அவளைக் கொல்ல வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. கொன்றுவிட்டால் யாருக்குக் கஞ்சி வைப்பது? அவள் வீட்டோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் ஆசைப்பட்டது. பாலில் கலந்தது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போட்டுத் தருகிறேன்.

செம்பூரில் தன் அண்ணா வீட்டில் இருக்கிறாளாம் அவள். எழுந்து நடமாடுகிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள், பாடக்கூடச் செய்கிறாள் என்று நேற்று உங்கள் கான்ஸ்டபிள் சொன்னார். எனக்கு அதுதான் விளங்கவில்லை. ராப்பகலாக நான் பார்த்துப் பார்த்துச் செய்தும் தேறாத உடம்பு, நான் பக்கத்தில் இல்லாமல் எப்படி இவ்வளவு சீக்கிரம் தேறும்? அங்கே அவளுக்கு யாரோ என்னவோ கொடுக்கிறார்கள், ஸார். அதையும் நீங்கள் விசாரிக்க வேண்டும்.