அவள் மூலையில் ஒரு ரோமக் காசு

அகழாய்வுக் குழிக்குள் இறங்குகிறவர்கள் தலைக்கவசம் போட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னவன் நான்தான். அதற்காக என் தங்கை என்னைக் கேலி செய்வாள்.

அவளை வளர்த்தது நான். அப்பா அம்மா போன பிறகு சோறு ஊட்டி, தலை பின்னி, என் துறையிலேயே படிக்க வைத்து, என் குழுவிலேயே சேர்த்துக்கொண்டேன். எவ்வளவு தோண்டியும் பானை ஓடுகளைத் தவிர எதுவும் வரவில்லை. வேலையை மூடச் சொல்லிவிடுவார்கள் என்று அவள் முகம் வாடிப்போனது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. ஒரு வியாபாரியிடம் ரோமானியத் தங்கக் காசு ஒன்று வாங்கினேன். அசல்தான், போலி இல்லை. அவள் தோண்டும் மூலையில் புதைத்தேன்.

அவள் குதித்த குதி இருக்கிறதே! பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். கடல் கடந்த வணிகம் பற்றி நான் பேசினேன். குழியை ஆள் உயரத்துக்கு மேல் ஆழமாக்கினோம்.

பிறகு ஒருநாள், காசு கிடந்த இடத்திலிருந்து எடுத்து வைத்திருந்த மண்ணை அவள் சலித்தபோது, நான் எப்போதும் சாப்பிடும் மிட்டாயின் காகிதத் துணுக்கு ஒன்று வந்தது. என் சட்டைப் பையிலிருந்து விழுந்திருக்க வேண்டும்.

"அண்ணா, நீங்களா வெச்சீங்க?"

"உனக்காகத்தாம்மா."

"எனக்காகவா? நான் கேட்டேனா?" அழுதாள். "நாளைக்கு மேலதிகாரிங்ககிட்ட சொல்லிடப் போறேன். நீங்களும் வாங்கண்ணா, சேர்ந்தே சொல்லிடலாம்."

என் கையில் வளர்ந்தவள். என்னைக் காட்டிக்கொடுக்கப் போவதை என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

மறுநாள் காலை, அவர்களிடம் காட்டக் குழிச் சுவரை ஒரு படம் எடுத்துக்கொள் என்றேன். சரியென்று இறங்கினாள். சுவர் சரியாமல் தாங்கிய பலகைக்கு முட்டுக்கொடுத்திருந்த கட்டையை நான்தான் தட்டிவிட்டேன். மழையில் மண் ஊறியிருந்தது; பலமாகத் தட்ட வேண்டியிருக்கவில்லை. மார்புவரை மூடிய பிறகும் அவளால் பேச முடிந்தது. வேலையாட்கள் கொட்டகையில்தான் இருந்தார்கள். ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடி வந்திருப்பார்கள். மிச்ச மண்ணும் இறங்கிச் சத்தம் அடங்கிய பிறகுதான் கூப்பிட்டேன்.

துரோகம் செய்தவன் நான் என்று நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் கடைசிவரை அவள் "அண்ணா, அண்ணா" என்று என்னைத்தான் கூப்பிட்டாள். நான் அவளுக்குக் கெடுதல் நினைக்கிறவன் என்றால், என்னைக் கூப்பிட்டிருப்பாளா?